நவம்பர் 1-ஆ, ஆகஸ்ட் 16-ஆ?

நம் ஊருக்கு விடுதலை நாள் எது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் 1954 நவம்பர் 1 என்பான், இன்னொருத்தி 1962 ஆகஸ்ட் 16 என்பாள். ஏன் இரண்டு நாள் என்று கேட்டால் பதில் வராது. தேதிகள் மனப்பாடம். பாடத்தை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் 'எக்ஸ்ப்ளிகாசியோன் தெ தெக்ஸ்த்' என்று ஒரு பயிற்சி உண்டு. சரித்திர வகுப்பிலும் முசியே அதையே செய்ய வைப்பார். இது என்ன வகைத் தாள், யார் எழுதியது, யாருக்கு, எந்தத் தேதியில் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்த பிறகுதான் முதல் வரிக்கே போகலாம். கடைசியில் தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததைச் சொந்த வார்த்தையில் இரண்டு வரியில் சொல்ல வேண்டும். அதுதான் கடினம்.

இந்த முறையில் நம் ஊர்க் கதையைப் படித்துப் பார்ப்போம். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்ததை 'மக்கள் வாக்கெடுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். வாக்களித்தது யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் அல்ஜீரியாப் போர் ஓய்ந்த 1962-ல்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உத்தரவில் கையெழுத்தான தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கச் சொல்வது அந்த ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகளை. நான்காவது பிரிவில் இரண்டு நிபந்தனைகள்: இந்தப் பகுதியில் பிறந்திருக்க வேண்டும், ஒப்பந்தம் அமலாகும் நாளில் இங்கேயே குடியிருக்கவும் வேண்டும். இரண்டும் பொருந்தும் பிரெஞ்சுக் குடிமகன் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவான். வேண்டாமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஐந்தாவது பிரிவு. பிறந்தது இங்கே, குடியிருப்பது பிரான்சில் என்றால்? அவனுக்கு ஏழாவது பிரிவு. ஒன்றும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் பிரெஞ்சுக்காரனாகவே இருப்பான்.

அண்ணன் பாரீசில், தம்பி முத்தியால்பேட்டையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பேசாமல் இருந்தால் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மௌனம், முடிவு மட்டும் இரண்டு. நான்காவது பிரிவில் 'குடியிருக்கவும்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்ட பிள்ளைதான் இதைக் கண்டுபிடிக்கும். கைடு புத்தகத்தில் இது கிடைக்காது.

'ஒப்சியோன்' கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று நம் தெருக்களில் இன்றைக்கும் பேசுகிறோமே, அந்தப் பிரிவினைக்கு வேர் இந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகளின் குடியுரிமையையும் தகப்பன் எடுத்த முடிவே தீர்மானித்தது. பிரெஞ்சு படிக்கத் தெரியாத தறிக்காரரும் செம்படவரும் அந்தத் தாளை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார்கள், படித்தவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று நான் யோசிப்பதுண்டு. கெடு 1963 பிப்ரவரியோடு முடிந்தது.