பி.டி.எஃப்-ஐ படமாக மாற்றப் போறீங்களா? ஜே.பி.ஜியா, பி.என்.ஜியா... எது பெஸ்ட்?

விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். மார்க்‌ஷீட் போனில் பி.டி.எஃப்-ஆக இருக்கிறது. இணையதளமோ 'படமாக மட்டும் அனுப்புங்க' என்கிறது. அவசரத்துக்கு ஏதோ ஒரு ஆப்பில் மாற்றி அப்லோடு செய்துவிட்டுப் பார்த்தால், பதிவெண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்றே தெரியவில்லை. சரியான ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

ஜே.பி.ஜி: 1992-ல் வந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டு ஃபைலைச் சின்னதாக்கும். போட்டோக்களுக்கு சூப்பர். ஆனால், படத்தை 8x8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எழுத்துகளின் ஓரம் அழுக்குப் படிந்ததுபோல ஆகிவிடும். எடிட் பண்ணி சேவ் செய்யச் செய்ய தரம் குறையும்.

பி.என்.ஜி: 1996-ல் வந்தது. சுருக்கினாலும் ஒரு பிக்ஸலைக்கூட இழக்காது. எழுத்து, அட்டவணை, கையெழுத்து, க்யூ.ஆர் கோடு இருக்கும் பக்கங்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ். போட்டோ நிறைந்த பக்கம் என்றால் ஃபைல் சைஸ் எகிறிவிடும்.

டிஃப்: பல பக்கங்களை ஒரே ஃபைலில் வைக்கலாம். அச்சகம், ஆவணக் காப்பகம் கேட்டால் கொடுங்க. பிரவுசர்கள் பலவற்றில் திறக்காது.

வெப்பி: கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்தியது. சைஸ் குறைவு. வெப்சைட்டில் போட ஓகே. ஆனால், விண்ணப்பத் தளங்கள் ஏற்குமா என்று பார்த்துக்கோங்க.

ஃபார்மேட்டைவிட முக்கியம் டி.பி.ஐ!

ஏ4 பக்கத்தை 72 டி.பி.ஐ-யில் மாற்றினால் கிடைப்பது 595x842 பிக்ஸல்தான். 150-ல் 1240x1754. 300-ல் 2480x3508. ஸ்க்ரீனில் படிக்க 150 போதும், பிரின்ட் எடுக்க 300 வேணும். குறைந்த டி.பி.ஐ-யில் எடுத்துவிட்டு பி.என்.ஜி-யாக சேவ் செய்தாலும் மங்கல் மங்கல்தான்.

கேபி லிமிட்டைத் தாண்டுதா?

முதலில் வெற்று ஓரங்களை க்ராப் பண்ணுங்க. பிறகு ஜே.பி.ஜி தரத்தை 90, 80 என்று படிப்படியாகக் குறைங்க. ஒவ்வொரு முறையும் ஒரிஜினல் பி.டி.எஃப்-லிருந்தே தொடங்கணும். முடிந்ததும் ஜூம் செய்து பெயர், எண், தேதி மூன்றையும் படித்துப் பாருங்க.

இதெல்லாம் செய்யாதீங்க!

* ஃபைல் பெயரின் கடைசியில் பி.என்.ஜி-யை அழித்து ஜே.பி.ஜி என்று எழுதினால் ஃபார்மேட் மாறாது.

* மாற்றிய படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மறுபடியும் சுருங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.

* ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட்டை முகம் தெரியாத கன்வெர்ட்டர் தளங்களில் ஏற்றாதீங்க. மேக்கில் ப்ரிவியூ, மற்ற கம்ப்யூட்டர்களில் இலவச ஜிம்ப் மென்பொருள் இருந்தால், ஃபைல் உங்களைவிட்டு வெளியே போகாமலே மாற்றிவிடலாம்.

மாற்றி முடித்ததும் பி.டி.எஃப்-ஐ டெலிட் செய்துடாதீங்க. படத்திலிருந்து பழைய தெளிவை மீட்கவே முடியாது!