திருத்தி எழுதுதல்

கொழுந்து பறித்த தன் பாட்டியைப் பற்றி குன்னூர் மாணவி ஒருத்தி எழுதி வந்தாள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டான்டீ தோட்டத்தில் சேர்ந்தவர். கட்டுரையில் பாட்டி தியாகி, மேஸ்திரி கொடியவன். பிழையே இல்லை, எனக்குத்தான் நிறைவில்லை.

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலைக் கொடுத்தேன். 1989இல் வந்தது. ஆதிக்க சாதியாரிடம் அடிபட்ட தங்கத்துக்கு நியாயம் கேட்கும் தலித் தலைவர் காத்தமுத்து, தன் வீட்டிலேயே அவளை உடைமையாக்கிக்கொள்கிறார். மகள் கௌரி அதைப் பார்த்து வளர்கிறாள். சொந்தச் சமூகத்து ஆண்களைப் பற்றி ஒரு தலித் பெண் இப்படி எழுதியது அன்று லேசான காரியமல்ல. சிவகாமி அத்தோடும் விடவில்லை. தொண்ணூறுகளில் ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதினார். அதில் நாவலாசிரியையே ஊர் திரும்பி, தன் நாவல் எதை மறைத்தது, யாருக்கு அநியாயம் செய்தது என்று விசாரிக்கிறாள். அச்சேறி, பாராட்டும் பெற்ற நூலை!

மூன்று வாரம் கழித்து மாணவி வந்தாள். மேஸ்திரி இரண்டு வரிக்குச் சுருங்கியிருந்தான். புதிதாக ஒரு பத்தி: பள்ளித் தோழிகளிடம் லைன் வீட்டை மறைத்ததும், வழியில் எதிர்ப்பட்ட பாட்டியை ‘தெரிஞ்சவங்க’ என்று சொன்னதும்.

“இதை வச்சுக்கலாமா மேடம்?”

பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.