முத்துக்கரையில் தக்காளி விதை

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. இரண்டும் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தன என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுக் கருத்து. தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியரின் செல்வாக்கு வலுத்தது 1530களில். பரதவர்கள் கிறித்துவம் தழுவியது அந்தக் காலத்தில்தான். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை போர்ச்சுகீசியரின் கை ஓங்கியிருந்தது. ஆனாலும் புதிதாக வந்த இரண்டு காய்களுக்கும் இந்தக் கரை ஒரே மாதிரி இடம் கொடுக்கவில்லை.

மிளகாய் சட்டென்று ஊன்றிக்கொண்டது. காயவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. விலை கூடிய மிளகின் வேலையைச் செய்யும். விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாகவே விளையும். தக்காளிக்கு இந்தச் சௌகரியம் எதுவும் இல்லை. பழுத்தால் நாலைந்து நாளில் அழுகிவிடும். அது தரும் புளிப்பை ஏற்கெனவே புளி தந்துகொண்டிருந்தது. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியைக் கொட்டை எடுத்து, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவிட்டால் அடுத்த பங்குனிவரை கவலை இல்லை. மீன்குழம்புக்குப் புளியும் தேங்காயும் போதும் என்றிருந்த கரையில் தக்காளி நெடுங்காலம் தேவைப்படாத பண்டமாகவே இருந்தது. 1889 முதல் 1893 வரை வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதாரப் பயிர் அகராதியும், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகப் பயிரிடப்படுவது என்றே குறிக்கிறது. வங்காளிகளும் பர்மியரும் அதைப் புளிக்கறியில் சேர்க்கிறார்கள் என்பது அதில் உள்ள கூடுதல் தகவல்.

புளிதான் முதல் தடை என்றால், அடுத்த தடை தண்ணீர். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடி நகரின் கிணற்று நீர் உவர்ப்பு. தக்காளி ஓரளவு உப்பைத் தாங்கும். அளவு மீறினால் காய் சிறுத்து, அடிப்பக்கம் கறுத்து அழுகும். மாவட்டத்தின் ஆண்டு மழையோ சுமார் 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்தது 1927இல். குடிக்கும் தண்ணீருக்காக வந்த திட்டம்தான் அது. ஆனால் பாத்திரம் கழுவிய நல்ல தண்ணீர் கொல்லைச் செடிக்குப் போகும் வசதியும் அதோடு வந்தது. நகருக்கு வெளியே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்து ஆற்றுப் பாசன ஊர்களில் இந்தக் கஷ்டம் இல்லை.

வெயிலும் தக்காளியின் காலத்தை நிர்ணயித்தது. இரவிலும் சூடு தணியாத மாதங்களில் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆகவே இந்தக் கரையில் வீட்டுத் தக்காளிக்கு ஏற்ற காலம் பனிக்காலமே: புரட்டாசியில் நாற்றுவிட்டு, 25 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டால், மார்கழி, தையில் பழம் பறிக்கலாம்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். அதனால் ஒரு வீட்டில் எடுத்த விதை அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே காயைத் தரும். வந்தேறியான இந்தச் செடி ‘நாட்டுத் தக்காளி’ ஆனது இப்படி விதை கைமாறித்தான். விதை எடுக்கும் முறை எளிது. நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாறும் சதையுமாகச் சட்டியில் ஓரிரு நாள் வைப்பார்கள். நுரை கட்டிப் புளித்ததும் விதையை மூடியிருக்கும் வழவழப்பு கழன்றுவிடும். முளைப்பைத் தடுப்பது அந்த வழவழப்புதான். பிறகு அலசினால் பொக்கு விதை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அவசரக்காரர்கள் அடுப்புச் சாம்பலில் பிசறித் தேய்த்து, நிழலில் உலர்த்திவிடுவதும் உண்டு. ஈரம் படாமல் வைத்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் முளைப்புத்திறன் இருக்கும்.

இப்படி ஊரில் நிலைத்த ஒரு ரகம் தேனி வட்டாரத்து அன்னஞ்சித் தக்காளி. அதில் திடீர் மாற்றம் தூண்டி உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1978இல் வெளியிட்டது. பெயரில் இருப்பது பெரியகுளம். தட்டை உருண்டையான காய், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். அந்தப் பச்சையை அழகுக் குறையாக நினைத்த அமெரிக்கப் பயிர் வல்லுநர்கள், 20ஆம் நூற்றாண்டில் சீராக வெளுத்துப் பழுக்கும் ரகங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அதோடு காய்க்குள் சர்க்கரை சேர உதவும் ஒரு மரபணுவும் செயலிழந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பச்சைத் தோளுள்ள காயைப் பழைய ரகம் என்று ஒதுக்குவோருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

1973இல் பெங்களூரிலிருந்து ‘கர்நாடகா’ என்ற வீரிய ஒட்டுத் தக்காளி சந்தைக்கு வந்தது. 1988இன் புதிய விதைக் கொள்கை காய்கறி விதை இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. தோல் தடித்து, லாரிப் பயணத்தில் நசுங்காத ‘பெங்களூர் தக்காளி’ கடைகளில் நிறைந்தது. அதன் விதையை எடுத்து விதைத்தால் செடிக்குச் செடி காய் மாறும். ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். நாட்டு ரகம் கொல்லையிலும், இப்போது மொட்டைமாடித் தொட்டிகளிலும், விதைத் திருவிழாக்களில் கைமாறும் சிறு பொட்டலங்களிலும் தொடர்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் இடாமல் விற்கவும் இடம் தருகிறது.