சிகாகோ தெருக்களும் மாணவர் ஆய்வும்

ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் நிறுவிய ஹல் இல்லம், படித்தவர்கள் ஏழைகளின் பகுதியிலேயே குடியேறி அவர்களோடு வாழ்ந்த சமூகக் குடியிருப்பாகும். அங்குத் தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லியின் மேற்பார்வையில் வீடுவீடாகத் திரட்டப்பட்ட விவரங்கள், சுற்றுவட்டாரக் குடும்பங்களின் பூர்விக நாட்டையும் வாரக் கூலியையும் வண்ணங்களால் காட்டும் வரைபடங்களாக 1895இல் அச்சேறின. பின்னர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர்களான ராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜஸும் தம் மாணவர்களை நூலகத்திலிருந்து தெருவுக்கு அனுப்பி, ஒரு நிகழ்வு எங்கெங்கே நேர்கிறது என்பதைப் புள்ளியிட்டுக் காட்டும் வரைபடங்களைத் தயாரிக்கச் செய்தனர். ஆனால் இம்முறையின் முன்னோடிகளான ஹல் இல்லப் பெண்களுக்குச் சமூகவியல் துறையின் வரலாற்றில் உரிய இடம் நெடுங்காலம் தரப்படவில்லை. நிறமாகவும் புள்ளியாகவும் பதிவான குடிமக்களோ, கேள்விகளை வகுப்பதில் பெரும்பாலும் பங்கு பெறவில்லை. அவர்களையும் ஆய்வாளராக ஏற்கும் சமூகப் பங்கேற்பு ஆய்வு, இளங்கலை வகுப்புகளில் பரவலானது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.