எக்ஸ்டஸியும் கல்லீரலும்

எக்ஸ்டஸி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரவு விடுதி, டான்ஸ், போலீஸ் ரெய்டு. ஆனால் அது பிறந்த இடம் ஜெர்மனியின் மெர்க் கம்பெனி. ரத்தப்போக்கை நிறுத்த ஒரு மருந்து தேடிய வழியில் கிடைத்த ரசாயனம்தான் எம்.டி.எம்.ஏ. 1912ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். (பசியைக் குறைக்கும் மாத்திரையாகக் கண்டுபிடித்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். நம்ப வேண்டாம்!) அதன்பின் பல வருடங்கள் அதை யாரும் சீந்தவில்லை.

1970களில் அலெக்சாண்டர் ஷுல்கின் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதைத் தூசு தட்டி எடுத்து, லியோ ஜெஃப் என்ற மனநல சிகிச்சையாளரிடம் கொடுத்தார். பயமில்லாமல் பழைய காயத்தைப் பேச வைக்கிறது என்று சிகிச்சையாளர்களிடையே சத்தமில்லாமல் பரவியது. அதே மாத்திரை பார்களிலும் விற்க ஆரம்பிக்க, 1985ல் அமெரிக்க அரசு தடை போட்டது.

கல்லீரல் இந்தக் கதைக்குள் வருவது பிரிட்டனில். 1990களில் ரேவ் பார்ட்டிகளுக்குப் போன இளைஞர்கள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1992ல் லான்செட் இதழ் இதைப் பதிவு செய்தது. சிலருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டி வந்தது. காரணம் மருந்தா, உடல் சூடா, மாத்திரையில் கலந்திருந்த வேறு ஏதாவதா? பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று தெரியும். எம்.டி.எம்.ஏ.வை உடைப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். உடைக்கிற நொதியையே அது முடக்கியும் விடுகிறது. ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரல் என்றால்...?

இந்தக் கேள்விக்கு 2021, 2023ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் பதில் கிடைத்திருக்க வேண்டும். போர், பாலியல் வன்முறை போன்ற அதிர்ச்சிகளிலிருந்து மீளாதவர்கள் முதலாவதில் 90 பேர், இரண்டாவதில் 104 பேர். மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் முதல் ஆய்வில் 67, அடுத்ததில் 71 சதவீதம் பேர் நோயின் வரையறையை விட்டே வெளியே வந்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் கணிசமான கல்லீரல் நோய் உள்ளவர்களை முதலிலேயே சேர்க்கவில்லை. அதிர்ச்சியை மறக்கக் குடித்துக் குடித்தே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களில் ஹெபடைடிஸ் சி வந்தவர்களும் அதிகம்.

சேர்ந்தவர்களுக்காவது மருந்துக்குப் பிறகு கல்லீரல் ரத்தப் பரிசோதனை முறையாகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2024ல் அமெரிக்க மருந்துத் துறையான எஃப்.டி.ஏ. சுட்டிக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் எழுதாத செலவு, செலவே ஆகவில்லை என்று ஆகிவிடுமா?

ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலேயே அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுக்க அனுமதி தந்துவிட்டது. எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் மறுத்து, இன்னொரு மூன்றாம் கட்ட ஆய்வு நடத்தி வரச் சொன்னது. அதிலாவது ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களா? செலவு அதிகம் பிடிக்கிற வேலையில்லை அது.