பஸ்கிக்குச் சோறு போட்டவர்கள்

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் நெடுஞ்சாலை, திருமலகிரி ராணுவப் பகுதியைத் தாண்டி அல்வாலுக்குள் நுழைகிறது. தெற்கே 1806இல் உருவான செகந்தராபாத் கன்டோன்மென்ட்; வடக்கே ஐதராபாத் கான்டின்ஜென்ட் படை முகாமிட்டிருந்த பொல்லாரம். சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகளோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கமெல்லாம் பரவித்தான் குடியேறின. 2007இல் ஐதராபாத் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட அல்வாலில் இன்று ஜிம்முக்குப் புதிதாகப் போகிற இளைஞர் முதலில் கேட்பது ஒன்றுதான்: கனமான எடையோடு ஸ்குவாட் செய்தால், அடுத்த முறை செய்ய எத்தனை நாள் விட வேண்டும்? ‘நாற்பத்தெட்டு மணி நேரம்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. பதிலில் தவறில்லை. ஆனால் அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அவருக்குச் சோறும் தூக்கமும் கொடுப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. தக்காணத்தின் உடற்பயிற்சி வரலாற்றைப் புரட்டினால், ஓய்வு என்பது எப்போதும் யாரோ ஒருவர் செலவு செய்து வாங்கிக் கொடுத்த பொருளாகவே இருந்திருக்கிறது. அந்தச் செலவுக் கணக்கு மறந்துபோய், பயிற்சியின் எண்ணிக்கை மட்டும் நம் கைக்கு வந்ததுதான் இன்றைய குழப்பத்துக்குக் காரணம்.

எண்ணிக்கை என்றதும் முதலில் வருவது காமா பயில்வானின் பெயர். நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கி (எடையில்லாமல் உட்கார்ந்து எழும் ஸ்குவாட்), மூவாயிரம் தண்டால் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கை இந்தியாவில் கேள்விப்படாத பயிற்சிக்கூடம் இருக்காது. 1910இல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவை மணிக்கணக்கில் தரையோடு அழுத்தி வைத்திருந்ததும், 1928இல் பட்டியாலாவில் அதே ஆளை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்ததும் அந்தக் கணக்குக்குச் சான்றாகச் சொல்லப்படும். கூடவே சொல்ல வேண்டியதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இளம் வயதில் தத்தியா சமஸ்தானமும் பின்னாளில் பட்டியாலா அரண்மனையும் காமாவைப் பராமரித்தன. பாலும் நெய்யும் பாதாமும் இறைச்சியும் அவர் கேட்காமலே வந்தன; உடம்பைப் பிடித்துவிட ஆள் இருந்தது; குஸ்தியைத் தவிர வேறு வேலை இல்லை. 1947க்குப் பிறகு லாகூரில் அந்த ஆதரவு அற்றுப்போனது. 1960இல் இறந்தபோது வறுமையும் நோயும்தான் உடன் இருந்தன. ஐயாயிரம் என்ற எண்ணை அரண்மனையின் சமையற்கட்டிலிருந்து பிரித்து எடுத்தால் அதற்குப் பொருளே இல்லை.

இது காமாவோடு தொடங்கிய ஏற்பாடும் அல்ல. ஐதராபாத்துக்கு மேற்கே, 1956 வரை ஐதராபாத் ராஜ்ஜியத்திலேயே இருந்த கல்யாணி நகரில், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் ‘மானசோல்லாசம்’ என்ற பெருநூலைச் செய்தான். அதில் மல்லர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. வயது, உடற்கட்டு, வலிமை பார்த்து மல்லர்களை வகுப்பது, என்னென்ன பயிற்சி என்பது எல்லாம் சொல்லிவிட்டு, பருப்பு, இறைச்சி, பால், சர்க்கரை, பலகாரம் என அவர்களுக்குச் சாப்பாடு போடுவது அரசனின் பொறுப்பு என்கிறது நூல். குஜராத்தின் ஜேஷ்டிமல்லர்களோடு தொடர்புடைய ‘மல்லபுராணம்’ எந்தப் பருவத்தில் மல்லன் எதைச் சாப்பிட வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறது. வைத்திய நூல்கள் இன்னும் கறாரானவை. வலிமை உள்ளவனும் நெய்ப்பான உணவு உண்பவனும் தன் சக்தியில் பாதி அளவே உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்; மற்றக் காலங்களில் அதைவிடக் குறைவாக என்று வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ விதிக்கிறது. பயிற்சி முடிந்ததும் உடம்பை இதமாகப் பிடித்துவிடச் சொல்கிறது. மிஞ்சினால் தாகம், மூச்சிரைப்பு, உடல் மெலிவு, காய்ச்சல் வரும் என்று பட்டியலும் தருகிறது. நெய்ச்சோறு கிடைக்கிறவனுக்கே பாதிதான் என்றால், கிடைக்காதவன் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கன்டோன்மென்ட் காலத்தில் அரசனின் இடத்துக்கு ரெஜிமென்ட் வந்தது. சம்பளம், ரேஷன், படுக்கை, மருத்துவமனை எல்லாம் ஒரே கணக்கில். சாப்பாட்டுக்கும் உடற்கட்டுக்கும் உள்ள உறவை இந்தியாவில் சோதனை வழியே காட்டியதும் ராணுவச் சூழலில் இருந்த ஒரு மருத்துவர்தான். குன்னூரில் ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, அவ்வப்போது இறைச்சி என்ற சீக்கியர் உணவு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான சென்னை உணவு தின்றவை கடைசியில் நின்றன. பஞ்சாபியர் போர்க்குடி, சென்னைக்காரர் அப்படியல்ல என்று ஆட்சியாளர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே இன எலியில் தட்டை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் வருகிறது என்ற முடிவு, அந்தப் பேச்சின் அடியையே பிடுங்கியிருக்க வேண்டும். (அப்படிப் பிடுங்கவில்லை என்பது வேறு கதை.) 1918இல் குன்னூரில் தொடங்கிய அந்த ஆய்வுப் பணிதான் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இரும்புக்கம்பியோடு செய்யும் ஸ்குவாட்டுக்கும் ராணுவத்தோடு உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் கால்களைத் தேற்ற, எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை மருத்துவர் தாமஸ் டிலார்ம் 1945இல் வெளியிட்டார். முதலில் ஒரு வேளைக்கு எழுபது முதல் நூறு தடவை வரை தூக்கச் சொன்னவர், 1948இல் இருபது முப்பதே போதும் என்று இறங்கி வந்தார். எடை கூடினால் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது மூன்றே ஆண்டில் கிடைத்த பாடம். கனத்த ஸ்குவாட்டுக்குப் பிறகு தசைக்குள் புதிய புரதம் கட்டப்படும் வேகம் கூடி, ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்கு இறங்குகிறது. புதியவர் தூக்கும் எடை இன்னும் சிறியதாக இருப்பதால் அவர் உடம்பு அந்த அவகாசத்துக்குள்ளேயே தேறி, அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூடுதலாகத் தாங்குகிறது. வாரம் மூன்று நாள் என்ற வழக்கம் அவருக்குப் பொருந்துவது இதனால்தான். இரண்டாம் நாள் படி இறங்கும்போது தொடையில் பிடிக்கும் வலியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; பழகாத வேலைக்கு வரும் வலி அது, பழகினால் குறைந்துவிடும்.

தினமும் பஸ்கி போட்ட பயில்வான்கள் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று கேட்கலாம். இருந்தார்கள். அவர்கள் தூக்கியது சொந்த உடம்பை மட்டும். சிறு வயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கையைக் கூட்டி வந்தவர்கள். பழகாதவர் ஒரே நாளில் சில நூறு பஸ்கி போட்டால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. தண்டனையாகப் பஸ்கி போட வைக்கப்பட்டு அப்படிப் படுத்தவர்கள் உண்டு. இன்னொரு கேள்வி வலுவானது: பல்கேரியப் பளுதூக்கு வீரர்கள் இவான் அபாஜியெவின் பயிற்சியில் தினமும், ஒரே நாளில் பலமுறைகூட, உச்ச எடையில் ஸ்குவாட் செய்து உலகப் பட்டங்களை அள்ளினார்களே? அவர்களும் அரசு ஊதியத்தில் முழுநேரம் அதையே செய்தவர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு பல்கேரியத் தங்கங்கள் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோய், அணியே பாதியில் ஊர் திரும்பியது. அவர்கள் உடம்பு அவ்வளவு வேகமாகத் தேறியதில் எவ்வளவு பயிற்சியின் பலன், எவ்வளவு மருந்தின் பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது, அல்வால் இளைஞருக்கு அதை முன்மாதிரியாக வைப்பது நியாயமில்லை.

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டு ஜாகீர்கள் ஒழிந்தன. ஒழிந்தது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாலீம்கள் எனப்படும் மல்லர் பயிற்சிக்கூடங்களுக்குக் கொடுத்துவந்த கைகளும் அதோடு போயின. பயில்வானின் செலவு பயில்வான் தலையிலேயே விழுந்தது. இன்று ஜிம்முக்குப் போகிறவர் நிலையும் அதேதான். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எடைப்பயிற்சி செய்கிறவருக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்கின்றன ஆய்வுகள். அறுபது கிலோ ஆளுக்கு இடைவெளி ஏறக்குறைய 46 கிராம், அதாவது தினமும் ஏழெட்டு முட்டை. இது பணக்கணக்கு. நேரக்கணக்கு இன்னும் கடினமானது. ஓர் இரவு முழுவதும் தூங்காதவர்களிடம் தசைப் புரதம் கட்டும் வேகம் 18 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவு ஷிஃப்ட் முடித்து நேரே ஸ்குவாட் ரேக்குக்கு வருகிறவருக்கும், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறவருக்கும் ஒரே நாற்பத்தெட்டு மணி நேரத்தை விதிப்பது சரியாகாது. முன்னவருக்கு வாரம் இரண்டு நாளே போதும். முன்னேற்றம் மெதுவாக வரும், ஆனால் வரும். பயிற்சியாளர்கள் எடையையும் எண்ணிக்கையையும் எழுதும் அட்டையில், முந்தின இரவு தூங்கிய நேரத்துக்கும் சாப்பிட்டதற்கும் ஒரு கட்டம் போடட்டும். அது காலியாக இருக்கும் நாளில் கம்பியில் எடையைக் கூட்ட வேண்டாம்.