'பர்சன்' என்றால் யார்?

'பர்சன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வயதும் அதிகம், வேலையும் அதிகம். நாடக முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பேச்சு வழக்கில் ஆள். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை. நாம் அவற்றை 'இடம்' என்கிறோம். சட்டத்தில் உரிமையும் கடமையும் உடைய எதுவும் 'பர்சன்'தான். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் கம்பெனியைக்கூட அதில் சேர்த்துக்கொண்டது. இத்தனை பொருள்களில் பெண்ணுக்கு இடம் இருந்ததா என்பதே என் கேள்வி.

தண்டனை என்றால் இருந்தது. சட்டத்தில் 'அவன்' என்று வருமிடமெல்லாம் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் எட்டாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. திருடிய பெண்ணைச் சிறைக்கு அனுப்ப யாருக்கும் சொற்குழப்பம் வரவில்லை.

உரிமை என்றதும் சொல் சுருங்கியது. சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா, வழக்குரைஞராகப் பதிவு செய்யும்படி கேட்டார். பெண்ணுக்குத் தடை என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. இருந்தது 'பர்சன்' என்ற பொதுச்சொல்தான். ஆனாலும் 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அச்சொல் பெண்களைக் குறிக்காது என்று மறுத்தது. இதுவரை உள்ளே விடவில்லை, ஆகவே இனியும் விடமுடியாது என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். பெண் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை விலக்கக்கூடாது என்று சொல்ல 1923இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது.

கனடாவிலும் இதே கதைதான். செனட்டுக்குத் தகுதியுள்ள 'பர்சன்'களை நியமிக்கலாம் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பெண்கள் அடங்குவரா என்று எமிலி மர்ஃபி உள்ளிட்ட ஐந்து பெண்கள் கேட்டார்கள். 1928இல் கனடா உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1929 அக்டோபர் 18 அன்று லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. அடுத்த ஆண்டே கெய்ரீன் வில்சன் செனட்டர் ஆனார். வழக்காடிய ஐவரில் ஒருவருக்கும் அந்தப் பதவி கிடைக்கவில்லை. திறந்த கதவும் எல்லாருக்குமாகத் திறக்கவில்லை: பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோர், தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பொதுச்சொல்லைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 'விவசாயி' என்பதும் ஆண்பால் சொல் அல்ல. ஆனால் நாற்று நடுகிறவளை விட்டுவிட்டு, பட்டாவில் பெயர் உள்ளவனைத்தான் அது நம் கண்முன் நிறுத்துகிறது. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் பார்த்தால் மட்டும் போதாது. கூலி கொடுக்கும்போது, கடன் வழங்கும்போது, பதவி நிரப்பும்போது அது யாரை எண்ணுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.